செவ்வாய்க்கிழமை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 39. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போகிறார், ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருவார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். மகன் ஒன்பதாவது படிக்கிறான். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

எனக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும், அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. சோறு உள்ளே இறங்கவில்லை. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் இசிஜி எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்மா, டென்ஷன்தான். மனச லேசா வச்சுக்கங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மனசை எப்படி லேசாக வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு நாற்பது தென்னை இருந்தது. 2018இல் கஜா புயல் அடித்த அன்றைக்கு விடிந்து பார்த்தால் ஆறு மரம்தான் நின்றது. வீட்டு ஓடும் போய்விட்டது. நிவாரணம் வந்தது, ஆனால் கூரைக்கே பத்தவில்லை. அப்போதுதான் முதல் முதலில் குழு லோன் எடுத்தேன், முப்பதாயிரம். பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவோம் என்று கம்பெனியில் வாங்குகிற கடன் அது. ஆதார் கார்டு, போட்டோ, கையெழுத்து, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் பணம் வந்துவிட்டது. அன்றைக்கு அது தெய்வம் மாதிரி இருந்தது.

பிறகு கொரோனா வந்தது. வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். முதல் லோனைக் கட்ட ரெண்டாவது லோன். மகளை நர்சிங்கில் சேர்க்க மூணாவது. இப்போது நாலு கம்பெனிக்குக் கட்டுகிறேன். திங்கள், செவ்வாய், வியாழன் என்று வாரா வாரம் மூன்று தவணை, மூன்றும் சேர்த்து வாரத்துக்கு 2,350 ரூபாய். மாசத் தவணை ஒன்று, 2,600 ரூபாய். வீட்டுக்காரர் மாசம் பன்னிரண்டாயிரம் அனுப்புவார். பால் ஊற்றுவதும் நூறு நாள் வேலையும் சேர்த்தால் நாலாயிரம் வரும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் என் ஓரகத்தி வீட்டுத் திண்ணையில் நடக்கும். அவர்தான் லீடர். காலை ஏழு மணிக்குப் பாய் விரித்து ஐந்து ஐந்து பேராக வரிசையில் உட்கார வேண்டும். முதலில் எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி சொல்வோம். ஒருத்தி பணம் குறைந்தாலும் வசூலுக்கு வருகிற கம்பெனி சார் மற்றவர்களை எழுந்திருக்க விடமாட்டார். அடுப்பில் உலை கொதிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், நூறு நாள் வேலைக்கு நேரமாகும். எதுவானாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

போன மாசம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அந்த வாரம் எனக்கு 1,150 ரூபாய் குறைந்தது. பத்து மணி வரைக்கும் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஓரகத்தி உள்ளே போய், பால் காசு வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து கட்டினார். சாயங்காலம் என் வாசலில் வந்து நின்று, "கட்ட வக்கில்லாதவ எதுக்குடி கையெழுத்துப் போட்ட? ஒன்னால என் வீட்டுத் திண்ணையிலயே என் மானம் போச்சு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். என் மகன் வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு கம்பெனியில் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குக்கூட போன் பண்ணுகிறார்கள். ஒருநாள் அந்தப் பையன், "நீங்க செத்தாத்தான் இந்த லோன் குளோஸ் ஆகும்போல" என்று சொன்னான். என் மகளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம்.

அன்றிலிருந்து நான் தெருக்குழாய்க்கு ஆள் வருவதற்கு முன்னாலேயே போய்த் தண்ணீர் பிடித்து வந்துவிடுகிறேன். சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்கும் போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீ வாங்குன கடன்தானே, நீதான் பாத்துக்கணும்" என்கிறார். அக்கா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி மந்திரிக்கக் கூப்பிடுகிறாள். யூடியூபில் பாசிட்டிவாக நினைக்கச் சொல்கிறார்கள். நினைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை.

என்னோடு கடன் வாங்கினவர்கள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் மனசு இப்படிப் பலவீனமாக இருக்கிறது? இது மனநோயா? நான் பைத்தியம் ஆகிவிடுவேனா? நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது, தாய்க்கு மனநோய் என்று தெரிந்தால் என்ன ஆகும்? சில ராத்திரி, காலையில் கண் முழிக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. பிள்ளைகளை நினைத்துத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கண் முழிக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுவதை வெளியே சொன்னீர்களே, அதற்கு நன்றி. சொல்ல முடிந்தது பெரிய விஷயம். இதை இன்றைக்கே நேரில் இன்னொருவரிடமும் சொல்லுங்கள். உங்கள் அக்கா சரியான ஆள். அவர் கண் பட்டது என்று நம்பினாலும் பரவாயில்லை, உங்கள் மேல் பாசம் உள்ளவர், கூப்பிட்டால் வந்து உங்களோடு படுத்துக்கொள்வார். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் உள்ள சிநேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணிலும் உங்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்க ஆள் இருக்கிறார்கள். "போய்விட்டால் தேவலை" என்பது "எப்படிப் போவது" என்ற யோசனையாக மாறுகிற மாதிரி இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அக்காவோடு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இது மனநோயா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு, மறதி, ஆட்களைத் தவிர்ப்பது, சாவைப் பற்றிய நினைப்பு எல்லாம் சேர்ந்து மனச்சோர்வையும் பதற்றத்தையும் காட்டுகின்றன. மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஊரில் பைத்தியம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, இது அது கிடையாது. குணமாகக்கூடியது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் இலவசம். போகும்போது தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறபடி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, அதுவும் படபடப்பையும் அசதியையும் கூட்டும். தூக்க மாத்திரையை நீங்களாகத் தொடர்ந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். மனச்சோர்வுக்கென்று தருகிற மருந்து வேறு. அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும், மூன்று நாள் சாப்பிட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிம்மதியிழக்க வைத்த கேள்விக்கு வருகிறேன். "எனக்கு மட்டும் ஏன் மனசு இப்படிப் பலவீனமாக இருக்கிறது?"

உங்களுக்கு மட்டும் இல்லை, சகோதரி. நான் உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், ஒவ்வொருவருடைய குணத்திலும் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, நாட்டின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் படபடப்பையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்தியாவில் குழுக்கடன் மிக அதிகமாகப் புழங்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் பீகாரும் முன்வரிசையில் இருக்கின்றன. 2010இல் ஆந்திராவில் இதே குழுக்கடனைக் கட்ட முடியாமல் பெண்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று ஊர் ஊராகச் செய்தி வந்து, அக்டோபர் மாதம் அந்த அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தனை பெண்களுக்கும் ஒரே சமயத்தில் மனசு பலவீனமாகிவிட்டது என்றா சொல்ல முடியும்?

உங்கள் கதையில் பணக்கணக்கைவிடக் காலக்கணக்குதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஒரு தென்னம்பிள்ளை காய்க்க ஐந்து, ஆறு வருஷம் ஆகும். புயலில் விழுந்தது வருஷக்கணக்கில் மீள வேண்டிய வாழ்வாதாரம். அதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்ததோ அடுத்த வாரமே திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டிய கடன். மரம் காய்க்கும் வரைக்கும் வாரா வாரம் பணத்துக்கு எங்கே போவது? இன்னொரு கடனுக்குத்தான் போக முடியும். நீங்கள் கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளவில்லை. யார் உட்கார்ந்து போட்டாலும் இந்தக் கணக்கு நேராகாது.

அடுத்தது, இந்தக் கடனுக்கு என்ன ஈடு வைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நகை இல்லை, நிலப் பத்திரம் இல்லை. ஈடில்லாக் கடன் என்றுதான் விளம்பரத்தில் சொல்வார்கள். ஈடு இருக்கிறது. உங்கள் மானம்தான் அந்த ஈடு. அக்கம்பக்கத்துப் பெண்கள், ஓரகத்தி, மாமியார், பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்துவிடக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள், அதனால் சோறு வடிக்காமல்கூடப் பணத்தைக் கட்டிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் திண்ணையில் பாய் விரிக்கப்படுகிறது. வங்கதேசத்துக் கிராமங்களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் லாமியா கரீம் இதையேதான் எழுதினார். கிராமத்துப் பெண்ணின் வெட்கமும் குடும்ப கௌரவமுமே கடன் வசூலிக்கும் கருவியாக மாறுகின்றன என்று கண்டு, இதை வெட்கத்தின் பொருளாதாரம் என்றார். குழுக்கடன் முறை உலகப் புகழ் பெற்றதும் அந்த நாட்டிலிருந்துதான். அதை முன்னெடுத்த முகமது யூனுஸுக்கும் அவருடைய கிராமின் வங்கிக்கும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. வட்டிக்காரரிடமிருந்து ஏழைப் பெண்களை மீட்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. உங்கள் முதல் லோன் உங்களுக்குத் தெய்வமாகத் தெரிந்ததும் உண்மைதான். ஆனால் நூறு சதவீத வசூல் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த வசூலுக்குப் பெண்கள் தங்கள் தூக்கத்தையும் உறவையும் கொடுக்கிறார்கள், அது எந்த ஆண்டறிக்கையிலும் வருவதில்லை.

அதனால்தான் வெறும் கடன் உங்களை இவ்வளவு முறித்திருக்காது என்று நினைக்கிறேன். லண்டனில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் குடும்பத்துப் பெண்களிடம் பல ஆண்டுகள் பேசி, மனச்சோர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். 1978இல் வந்த அவர்களின் ஆய்வு, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்ணைத்தான் கஷ்டகாலம் அதிகமாகச் சாய்க்கிறது என்று காட்டியது. 1995இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இழப்பு மட்டும் நேர்ந்த பெண்களைவிட, அதோடு அவமானமும், வெளியே வர வழியே இல்லாத சிக்கலும் சேர்ந்துகொண்ட பெண்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகமாக வந்தது. தென்னை போனது உங்களுக்கு இழப்பு. அதைத் தாங்கிக்கொண்டு ஏழெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்து வைத்திருக்கிறீர்கள், மகளைப் படிக்க வைக்கிறீர்கள். இதைச் செய்தவரைப் பலவீனமானவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாசலில் நடந்த அவமானமும், நாலு பக்கமும் தவணை சூழ்ந்ததும், பேச ஆளில்லாததும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் உடம்பு மறுத்துவிட்டது. பைக் சத்தத்துக்கு உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது, மிரட்டலை மிரட்டலாகவே உங்கள் உடம்பு புரிந்துகொண்டிருப்பதால்தான்.

மற்றவர்கள் சிரித்துப் பேசுகிறார்கள் என்கிறீர்கள். நீங்களும் அந்தப் பாயில் உட்காரும்போது முகத்தைச் சாதாரணமாகத்தானே வைத்திருந்தீர்கள்? உங்களைப் பார்த்து இன்னொருத்தி, "இவளுக்கு என்ன, வீட்டுக்காரர் கேரளாவில் சம்பாதிக்கிறார்" என்று நினைத்திருக்கலாம். கஷ்டப்படுவது தெரிந்தால் அடுத்த லோனுக்குக் குழுவில் சேர்க்கமாட்டார்கள் என்பதால், எல்லோருமே சிரித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஓரகத்தி பேசியதை நியாயப்படுத்தமாட்டேன். ஒரு பிள்ளையின் முன்னால் தாயை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் பால் காசு டப்பா அவர் கையில் வந்ததை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாக்கியை அவர் தலையில் கட்டியது அந்த ஒப்பந்தம். அவர் வீட்டில் அந்தக் காசு எதற்கு வைத்திருந்ததோ, அதற்கு அவர் என்ன பதில் சொன்னாரோ. ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ரெண்டு பேரில் ஒருத்தியை வசூல்காரியாகவும் இன்னொருத்தியைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டு, கம்பெனி தன் கையில் அழுக்குப் படாமல் இருந்துகொண்டது. கோபம் ஆறிய ஒரு மதியத்தில், தனியாக, அந்த 1,150 ரூபாயை எப்போது எப்படித் தருவேன் என்று மட்டும் அவரிடம் பேசுங்கள். அவர் லீடர் என்பதால் அவர் பெயரில் எத்தனை லோன் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். அவரும் தூங்கியிருக்கமாட்டார் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, காரணம் வெளியேதானே, நமக்கெதற்கு மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். சமூகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர் அப்படிச் சொல்வதுண்டு, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு வந்தால், கிணற்றைச் சுத்தம் செய்கிற அதே நேரத்தில் ஆளுக்கும் மருந்து கொடுக்கத்தானே செய்வோம்? அதேபோல, மாத்திரை மட்டும் போதும் என்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணஉதவி கொடுக்கத் தொடங்கிய பகுதிகளில் தற்கொலைகள் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். கையில் கொஞ்சம் காசு இருப்பதும் மனசுக்கு வைத்தியம்தான். நம்மூரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைக் கிண்டல் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். உங்களுக்கு அந்தத் தொகை வருகிறதா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. வராவிட்டால் விசாரியுங்கள்.

இப்போது கடன் விஷயம். ஒரு தாளில் நாலு லோனையும் எழுதுங்கள். எந்தக் கம்பெனி, வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. லோன் அட்டையில் இவை இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நீங்கள் புரிந்துகொள்ளும் மொழியில் விவரம் எழுதிய அட்டையை அவர்கள் தந்தாக வேண்டும். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கடன் தரும்போது, எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டுவது மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீங்கள் சொன்ன கணக்குப்படி வீட்டுக்கு வருவது மாதம் பதினாறாயிரம், தவணைக்குப் போவது பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பாதி என்றால் எட்டாயிரம்தான். கடைசி லோனைக் கொடுத்தவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள். உங்கள் குற்ற உணர்ச்சியில் அவர்களுடைய பங்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டும் பேச்சும் கேவலமான பேச்சும் கூடாது, சொந்தபந்தங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் விதிதான். "செத்தாத்தான் லோன் குளோஸ் ஆகும்" என்று இரவில் போனில் சொன்னவர் விதியை மீறியிருக்கிறார். உங்கள் உயிரைப் பற்றி அப்படிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அந்த வாக்கியம் உங்கள் மனசில் ஊறி, உங்கள் சொந்த எண்ணம்போல ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். வந்தால், அது அந்தப் போனிலிருந்து வந்த பேச்சு என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் மகளை விட்டுக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. இதையெல்லாம் தனியாகச் செய்வது கஷ்டம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அந்தத் தாளோடு போய் உட்காருங்கள், புகாரும் எழுதித் தருவார்கள், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்கவும் வழி சொல்வார்கள். ஒரு லோனை அடைக்க இன்னொரு கம்பெனி லோன் மட்டும் இனி வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கும். கம்பெனி லோனையும் அதையும் சேர்த்து ஊரில் குழு என்றே சொல்லிவிடுகிறோம், ரெண்டும் வேறு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களில், பெண்கள் முதலில் சேமித்து, வட்டியையும் தவணையையும் தாங்களே பேசி முடிவு செய்வார்கள். வங்கிக் கடனும் குறைந்த வட்டிக்கு வரும். அதில் நீங்கள் உறுப்பினரா? ஊராட்சிக் கூட்டமைப்பில் பேசி, வட்டி கூடிய லோன் ஒன்றையாவது அதன் மூலம் முடிக்க முடியுமா என்று பாருங்கள். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் அங்கே பேசினால்தான் தெரியவரும்.

மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு மனச்சோர்வு என்றால் என்னவென்று பாடத்திலேயே வரும். அவளிடம் மறைக்காதீர்கள். அம்மா எதையோ ஒளிக்கிறாள் என்று தெரிந்தும் என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பயம். மகன் அன்று ஒன்றும் கேட்காமல் உள்ளே போனதும் அதனால்தான். "கொஞ்சம் கடன் இருக்கு, அம்மா தப்பு எதுவும் பண்ணல, பேசி முடிச்சிருவோம்" என்று அவனிடம் ரெண்டு வரி சொன்னால் போதும்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் இசபெல் கெரின் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்த தமிழ் ஆய்வாளர்களும் நீண்டகாலம் தங்கி, பெண்களின் கடனை ஆராய்ந்திருக்கிறார்கள். குடும்பத்துக்காக வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் பாரம் பெண்ணின் தலையில் விழுவதை அவர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஓடு போட்டது அவர் வீட்டுக்கு. பீஸ் கட்டியது அவர் மகளுக்கு. ஊரடங்கில் அவர் வேலையில்லாமல் இருந்தபோது அடுப்பு எரிந்தது உங்கள் கையெழுத்தால். அந்தக் கம்பெனிகள் பெண்களிடம் மட்டும் கையெழுத்து வாங்குவதால், அது உங்கள் தனிக்கடன் ஆகிவிடாது. போனில் இதைப் பேசினால் சண்டையில்தான் முடியும். தூர ஊரில் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, தானும் தோற்றுவிட்டதாக அவரும் நினைத்துக்கொண்டிருக்கலாம். "நீதான் பாத்துக்கணும்" என்று ஆண்கள் சொல்லும்போது பாதி நேரம் அதற்குள் பயம்தான் இருக்கும். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, நாலு லோனும் எழுதிய தாளையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் ஒன்றாக அவர் கையில் கொடுங்கள். அக்காவும் கூட இருக்கட்டும். அவரால் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு ஒருதரம் வர முடிந்தால் இன்னும் நல்லது, மருத்துவர் வாயால் கேட்கும்போது மனசில் ஏறும்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அக்காவோடு போங்கள், இசிஜி சீட்டையும் தூக்க மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். போய்வந்து மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்